ரக்ஷிதாவு என்றால் யார், மச்சான்?

சாந்தன்பாறை,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் பூபதிராஜா அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஆனந்தியின் வீட்டுக்காரன் சுடலைமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், ஆனந்தி, மகள் தமிழ்ப்ரியா மூவரும் சுகம். தங்கள் முழங்கால் வலியும் மதினியின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் என்ன கடிதாசி என்று தாங்கள் கேட்கலாம். போனில் பேசினால் வீட்டில் இரண்டு பேர் காதில் விழும். இதைத் தயவுசெய்து மதினிக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

தமிழ்ப்ரியா சடங்குக்குத் தாங்கள் தாய்மாமன் சீராகப் பட்டு, வளையல், பழத்தட்டோடு ஒரு ஸ்மார்ட்போனையும் வைத்தீர்கள். பத்தாம் வகுப்பு முடியாமல் போன் கிடையாது என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். ஆனால் தாய்மாமன் சீரை வேண்டாம்னு சொல்ல முடியுமா? உங்க தங்கச்சி என்னைச் சும்மா விடுவாளா? பல்லைக் காட்டிக்கிட்டே வாங்கி, பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். அந்த நேரம் பாத்து பள்ளிக்கூடத்துல ஷிஜி டீச்சர் பெத்தவங்களுக்கு கிளாஸ் எடுத்தாங்க. பூட்டி வைக்காதீங்க, போனுக்குக் காவல் போடுற ஆப் இருக்கு, எவ்வளவு நேரம் பாக்கலாம், எதைப் பாக்கலாம்னு நீங்களே வச்சுக்கலாம், புள்ள எங்க நிக்குதுன்னுகூட உங்க போன்ல தெரியும்னு மலையாளத்துல விளக்கினாங்க. நான் தலைய ஆட்டினேன். முக்கால்வாசி புரியவும் செஞ்சுது.

வீட்டுக்கு வந்து ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். "புள்ள வரட்டும், அவளே செஞ்சிருவா"ன்னா ஆனந்தி. "காவலே அவளுக்குத்தான், அவளையே போடச் சொல்லுதியா?"ன்னு அதட்டிட்டு, ஜீப் ஓட்டுற ஆசீர்வாதத்தக் கூட்டியாந்தேன். ஆப் முழுக்க மலையாளம்; எனக்குப் பேச வரும், எழுத்து தெரியாதுல்லா, அவன் எழுத்துக்கூட்டி வாசிப்பான். புள்ள போன்ல ஆப்பத் தொறந்ததும், இது யாரு போன்னு கேட்டுச்சு. "முதல் பட்டன்ல ரக்ஷிதாவுன்னு போட்டிருக்கு அண்ணே"ன்னான். நாம ரட்சிக்க வேண்டியது யாரை? புள்ளையைத்தான? "அமுக்குலே!"ன்னேன். அமுக்கிட்டான். மச்சான், ரக்ஷிதாவுன்னா பெத்தவனாம், புள்ள வந்துதான் சொன்னா! எட்டு வருசமா அவ ரேங்க் கார்டுல அந்த வார்த்தைக்கு மேலதான் கையெழுத்துப் போட்டுட்டு வாரேன். அவ போன் ரக்ஷிதாவு ஆயிட்டா, மிச்சம் இருக்கிற என் போன் என்ன ஆகும்? 'குட்டி'ன்னு ஆயிட்டு, அதாவது புள்ள!

இன்னைக்குக் காலைல சாப்பிட உக்காந்தா, அவ போனுக்கு ரிப்போர்ட் வந்திச்சு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசிக்கா: "இந்த வாரம் சுடலைமணி முப்பத்தோரு மணி நேரம். அதுல ஜேசிபி குழி தோண்டுற வீடியோ மட்டும் பத்தொம்பது மணி நேரம்." ஆனந்தி சிரிச்ச சிரிப்பு லயத்துல கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். இப்ப எனக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான். நடக்கும்போது வீடியோ கிடையாது. காட்டு யானை எங்க நிக்குதுன்னு தகவல் வருமே, அந்த யானை குரூப் மட்டும் எப்பவும் தொறந்திருக்குமாம். டிங்கு டிங்குன்னு வீடியோவக் கெடுக்குதேன்னு நான் அதோட சத்தத்த அமத்தி வச்சிருந்தேன். அந்தச் சத்தத்தையும் திரும்பத் தொறந்துவிட்டுட்டா. "ஒழுங்கா மாத்துடி"ன்னா, "மாத்தலாம்ப்பா, ஆனா ரக்ஷிதாவு சம்மதிக்கணும்"ங்கா.

ஆகவே மச்சான், தாங்கள் நேரில் வந்து, வேறு மாடல் மாற்றித் தருகிறேன் என்று ஏதாவது சொல்லி அந்தப் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வேண்டும். மாமா சொன்னால் தட்டமாட்டாள். என் மானம் தங்கள் கையில்.

மதினிக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசி. மழை விட்டதும் குடும்பத்தோடு மலையேறி வரவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை வீட்டுக்காரன்,
சுடலைமணி

பி.கு.: திங்கக்கிழமை இதைத் தபால்ல போடலாம்னு சட்டைப்பையில வச்சிருந்தேன். சாயங்காலம் ஏலக்கா ஸ்டோர்ல இருந்து இறங்கி வாரேன், வீடியோ இல்லாம வெறுங்கையோட. யானை குரூப் அடிச்சுது. தண்ணித்தொட்டி வளைவுல கொம்பன் நிக்குதாம். நான் அந்த வளைவுக்கு இருபதடி இந்தப் பக்கம். உடனே புள்ள போன் பண்ணுதா: "அப்பா, அப்படியே திரும்பி டீக்கடைக்குப் போங்க." நான் நிக்கிற இடம் உனக்கு எப்படித் தெரியும்னேன். "நீங்க வீடு வந்து சேருற வரைக்கும் தினமும் மேப்புல உங்க புள்ளியப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்"னு சொல்லிட்டு அழுதுட்டா. டீக்கடையில நின்னு நானும் அழுதேன், ஆசீர்வாதம் பாத்துட்டான். அதனால மேல எழுதினத எழுதலைன்னு வச்சுக்கோங்க. போன் அவகிட்டயே இருக்கட்டும். எனக்கு மட்டும் இன்னும் அரைமணி நேரம் கூட்டித் தரச் சொல்லி நீங்க சிபாரிசு பண்ணணும். நான் கேட்டதுக்கு, "பத்தாம் வகுப்பு முடியட்டும்ப்பா"ங்கா.