பத்திர ஆபீசுல மஞ்சத் தண்ணி

பத்திரப் புஸ்தகத்து மேல மறுபடியும் ஒரு சொட்டு விழுந்துச்சு. மஞ்சளா இருந்துச்சு.

தணிகைவேல் துண்டால ஒத்தி எடுத்தாரு. ஆம்பூர் பக்கத்துல ஒரு பத்திர ஆபீசுக்கு அவரு கிளார்க்கா வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. மாசக் கடைசி சனிக்கிழமை ஜில்லா ரிஜிஸ்திரார் சோதனைக்கு வர்றாரு. ஒரு பக்கம் நனைஞ்சிருந்தாலும் வேலை போயிடும்.

அலமாரிய வடக்கால நகர்த்தினாரு. மறுநாள் தண்ணியும் வடக்கால வந்துடுச்சு.

"பங்குனில மழையே இல்லியே, எப்படிய்யா ஒழுகுது?"

"பழைய கட்டடம் ஐயா. போன அடைமழைய குடிச்சி வெச்சிருக்கும்," பியூன் ஆரோக்கியசாமி சொன்னான். "சந்து வழியா சுத்திப் போயி, மேல ஏறிப் பாக்கட்டா?"

"வேணாம். நீ விழுந்து வெச்சின்னா அதுக்கும் நான்தான் பதில் எழுதணும்."

மராமத்து இலாகாவுக்கு எழுதினாரு. ரிப்பேர் பண்ணணும்னா கட்டடத்தோட சரித்திரத்த எழுதி அனுப்புன்னு பதில் வந்துச்சு.

"இது முன்ன இன்னாவா இருந்துச்சு?"

"சிலபேர் குதிரை லாயம்ன்றாங்க. சிலபேர் கம்பெனிக்காரன் வெடிமருந்து வெச்ச எடம்ன்றாங்க."

"குதிரை லாயம்னு எழுதினா புல்லு அனுப்புவான். தண்ணி மஞ்சளா இருக்கு பாரு. கந்தகம்தான்."

வெடிமருந்து வெச்ச எடம்னே எழுதி கையெழுத்துப் போட்டாரு.

சோதனைக்கு மொத நாள் வெள்ளிக்கிழமை, மராமத்து ஓவர்சியர் ராமமூர்த்தி பத்து ஆளோட வந்தாரு. உள்ள வரல, தெருவுலயே நின்னுக்கினாரு.

"எவனும் பீடி பத்த வைக்காதீங்க. தரையத் தோண்டுங்க."

தோண்டினாங்க. ஒரு லாடம் கெடைச்சுது.

"சார், லாயம்தான் போல. தப்பா எழுதிட்டேன்."

"கையெழுத்து உன்னுதுதானே?"

"என்னுதுதான்."

"அப்ப வெடிமருந்துதான். கீழ இல்லன்னா மேல இருக்கும்."

ஆளுங்க பின்பக்கமா மாடி ஏறினாங்க. "தளம் பூரா மஞ்சக் கறை சார்," மேலேர்ந்து ஒருத்தன் சொன்னான்.

ராமமூர்த்தி இன்னும் நாலடி பின்னால போனாரு. "இடிச்சிடுங்க. தண்ணி ஊத்திக்கினே இடிங்க."

புஸ்தகத்தையெல்லாம் தணிகைவேல் வேப்பமரத்தடியில சுமந்து வெச்சாரு. சாயங்காலத்துக்குள்ள ஆபீசுக்கு மேல ஆகாசம்தான் இருந்துச்சு.

சனிக்கிழமை காலைல ஜில்லா ரிஜிஸ்திரார் வந்தாரு. குழிய பாத்தாரு. அண்ணாந்து பாத்தாரு.

"மேல்தளம் எங்கய்யா?"

"ஒழுகிக்கினே இருந்துச்சுங்க," தணிகைவேல் சொன்னாரு. "நேத்துலேர்ந்து ஒரு சொட்டு இல்லீங்க."

அப்ப பின்பக்கத்துல தோல் பதனிடற ஷாப்புல வேலை செய்ற சத்தார், தலைல பெரிய சுமையோட வாசல்ல வந்து நின்னு மேல பாத்தான்.

"இன்னா ஐயா, வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு விட்டா மாடியவே காணோம்? ஆவாரம்பட்டைத் தண்ணில ஊறின தோலெல்லாம் இனிமே நாங்க எங்க போட்டு வடியவிடறது?"