ஒரு வரி குறைவு

திருவொற்றியூரில் பதினொன்னுவின் கண்ணில் பட்டு முழுசாகத் தப்பித்த எண் ஒன்றுகூடக் கிடையாது. லாரி நம்பர், வீட்டு நம்பர், கரண்ட் கம்பத்து நம்பர், செருப்புக்கு அடியில் இருக்கும் நம்பர், எதுவானாலும் பார்த்த மாத்திரத்தில் பதினொன்றால் வகுத்து மீதியைச் சொல்லிவிடுவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெற்றவர்கள் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். எங்கள் தெருவுக்கு அவர் பதினொன்னு.

துறைமுகத்தில் அவர் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னர் பெட்டிகளின் எண்ணைப் படித்துத் தாளில் குறிக்கிற வேலை. பெட்டி எண்ணின் கடைசி இலக்கம் சும்மா போட்டதல்ல. முன்னால் இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் ஒரு கணக்குப்படி பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்தால் வருகிற மீதிதான் அது. நடுவில் ஒன்றைத் தப்பாக எழுதினால் கடைசி இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும். மற்ற கிளார்க்குகள் இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்று டீ குடிக்கப் போனார்கள். இவர் மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்தார். போட்டுப் போட்டு, வீட்டுக்கு வந்த பிறகும் நிறுத்தத் தெரியாமல் போய்விட்டது.

எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குள் போவதற்காக ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமையானால் மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள், இவர் அந்த வரிசைக்குப் போவார். ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த டிரைவரைத் தட்டி எழுப்பி, பெட்டியின் எண் தப்பு என்றார்.

"இன்னா தப்பு?"

"கடைசில நாலு வரணும்பா. ஏழு போட்டுக்கீறான்."

"யோவ், உள்ள இன்னா கீதுன்னே எனக்குத் தெரியாது. மேல இன்னா எழுதிகீதுன்னு நான் பாக்கணுமா? மூணு நாளா இங்கியே நிக்கிறேன். பேஜார் பண்ணாத, போ."

பதினொன்னு போனார். பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகத் திரும்பி வந்தார். அடிவாங்காமல் வீடு வந்து சேர்ந்தது எங்கள் எல்லோருக்கும் ஆச்சரியம்.

அவர் பெண் பார்க்கப் போன கதை இன்னும் பிரசித்தம். பெரம்பூரில், ரயில்வே வேலைக்காரர் ஒருவரின் பெண். கேசரி முடிந்து பஜ்ஜிக்கு வந்தபோது, பெண் பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறார். இவர் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டார்.

"மீதி பத்து வருதே, நைனா."

"பத்து வந்தா இன்னா?"

"பத்து வந்தா அந்த நம்பர பொட்டிக்குக்கூட வெக்க மாட்டாங்க. ஒதுக்கிடுவாங்க."

அதற்குப் பிறகு அவருக்கு யாரும் பெண் பார்க்கவில்லை. கிணற்றை ஒட்டிய ஒற்றை அறையில் தனியாகவே இருந்துவிட்டார். இந்தக் கதையை நானே நூறு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் வாய்க்கு அப்போதெல்லாம் கதவு கிடையாது.

நான் அந்த நாளில் விம்கோ நகர் பக்கம் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன், இணைப்பு கிடைப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். பதினொன்னு ஒரு நாள் ஜெராக்ஸ் எடுக்க வந்து, என் மூன்று கம்ப்யூட்டர்களுக்குப் பின்னால் ஒட்டியிருந்த எண்களையும் வகுக்க ஆரம்பித்தார். வாயை அடைப்பதற்காக ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எண் புதிர் என்று தேடிக் கொடுத்தேன். உலகத்தின் நாலா மூலையிலும் இருக்கும் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு குழு கிடைத்தது. ஒருவர் ஒரு வாக்கியத்தை எண்களாக்கி மறைத்து வைப்பார், மற்றவர்கள் உடைத்துப் படிப்பார்கள். ஒரு மணி நேரம் தொல்லை விட்டது என்று நினைத்தேன். மூன்று வருஷம் அந்த நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் துறைமுகத்து இங்கிலீஷ். ஒரு புதிரை உடைத்துவிட்டால், "தங்கள் பெட்டி வந்து சேர்ந்தது. திறந்து பார்க்கப்பட்டது. உள்ளே பதினேழு சொற்கள். குறைவு இல்லை, சேதம் இல்லை" என்று எழுதுவார். படித்தவர்களெல்லாம் சொக்கிப் போனார்கள். அதிலும் நார்வேயிலிருந்து ஒரு பெரியவர் தினமும் எழுத ஆரம்பித்தார்.

"தங்கச்சி, நார்வேல பனி கொட்டிகினு கீதாம்."

"இங்க மணலி கம்பெனிங்கள்லேர்ந்து பொகை வந்துகினு கீது. அதையும் எழுதுங்கண்ணா."

எழுதினார். காற்று எந்தத் திசை என்பதையும் சேர்த்து எழுதினார்.

ஒரு வருஷம் அடுத்தவர் பெட்டிகளைத் திறந்த பிறகு, சொந்தமாக ஒரு பெட்டி அனுப்ப ஆசை வந்தது. ஒரு மாதம் டாலி தாள்களின் முதுகில் கட்டம் கட்டமாகப் போட்டு, கடைசியில் இருபத்திரண்டு வரி எண்களைக் கொண்டுவந்து ஒற்றை விரலால் டைப் அடித்தார். நடுவில் கரண்ட் போய் வந்தது. அடித்து முடித்து அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியிலேயே சாய்ந்து மூச்சு வாங்கினார்.

யாராலும் உடைக்க முடியவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். தினமும் ஏழெட்டுக் கடிதம் வந்தது. இது எந்த வகைப் பூட்டு, துப்பு உண்டா, நீங்கள் கணிதப் பேராசிரியரா என்று கேட்டார்கள். பதினொன்னு இஸ்திரி போட்ட சட்டையில் வர ஆரம்பித்தார். பீச் ஸ்டேஷன் பக்கம் போய் பர்மாக்காரர் கடை அத்தோ நூடுல்ஸ் வாங்கிவந்து கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த மாதம்தான்.

நாற்பது நாள் ஆகியும் உடையாவிட்டால், வைத்தவர் ஒரு துப்பு கொடுக்க வேண்டும் என்பது அந்தக் குழுவில் வழக்கம். முப்பத்தொன்பதாம் நாள் துப்பு எழுத உட்கார்ந்தவர் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, ஒரு வரி உட்டுட்டேன்."

"எந்த வரி?"

"பதினாறாவது. கரண்ட் பூட்டு வந்திச்சில்ல, அப்பால பதினேழுலேர்ந்து அட்சிட்டேன்."

"ஒரு வரிதான?"

"ஒண்ணு இல்லன்னா அல்லாம் வேற கட்டத்துல போய் குந்திக்கும். எவனாலயும் தொறக்க முடியாது. இத்தினி நாளா சும்மா மண்டைய ஒடச்சிகினு கீறாங்க."

குழுவில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. முன்பு ஒருவர் இப்படித் தப்பான புதிர் வைத்தபோது அவரோடு யாரும் பேசக் கூடாது என்று முடிவு செய்தார்கள். முதல் ஆளாக அதற்குக் கையெழுத்துப் போட்டவர் பதினொன்னு.

"யாருக்குத் தெரியப் போவுது? கம்னு இருங்கண்ணா. அவங்க எழுதிகினே இருப்பாங்க" என்றேன். நல்லது சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

"சொன்னா நாளைலேர்ந்து எனக்கு எவன் எழுதுவான்?" என்றார். பெயின்ட் டப்பாவோடு ஓடிய மனிதர், சொந்தத் தப்பின் மேல் கையைப் பொத்திக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்திருந்தார். துப்பு எங்கே என்று கடிதங்கள் வந்தபடி இருந்தன.

ஐந்தாம் நாள் நார்வேக்காரர் எழுதியிருந்தார். வாழ்நாளில் இப்படித் தோற்றதில்லை, வயதாகி மூளை மழுங்கிவிட்டது போலிருக்கிறது, அடுத்த வாரம் டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்று.

பதினொன்னு அதை இரண்டு முறை படித்தார். பிறகு அந்த ஒற்றை விரலால், யாரையும் கேட்காமல் அடித்தார். "என் பெட்டியில் ஒரு வரி குறைவு. தவறு அனுப்பியவருடையது. விடுபட்ட வரி கீழே உள்ளது. பெற்றுக்கொண்டவர்களின் நாற்பத்து மூன்று மாலைகள் சேதம். அதற்கு ஈடு செய்ய என்னிடம் வழி இல்லை. நார்வே நண்பர் டாக்டரிடம் போக வேண்டாம்."

மறுநாள் ஒரு கடிதமும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இஸ்திரி போடாத சட்டையில் வந்து, காலியான மெயில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார். லாரி நம்பர்களைக்கூட வகுக்கவில்லை. இதற்கா இத்தனை நாள் இவர் வாயை அடைக்க நினைத்தேன் என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

நான்காம் நாள் நார்வேயிலிருந்து ஒன்று வந்திருந்தது.

"நீ படி தங்கச்சி. எனக்குத் தெம்பு இல்ல."

சத்தமாகப் படித்தேன். "தங்கள் பெட்டி, விடுபட்ட வரியோடு சேர்த்துத் திறக்கப்பட்டது. உள்ளே ஒரு கேள்வி. சேதம் இல்லை. கேள்வி இது: ஒரு ஆளுக்கு மட்டும் மீன் குழம்பு வைக்க எனக்குத் தெரியவில்லை. எப்போதும் அதிகமாகிவிடுகிறது. நீங்களெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?"

நான் நிறுத்திவிட்டேன். பதினொன்னு கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கட்டம் போட்டு, உலகத்திலேயே கெட்டிக்காரர்களால்கூடத் திறக்க முடியாதபடி பூட்டி இவர் அனுப்பியது இதைத்தான். தெருவில் யாரிடமும் கேட்டிருக்கலாம். என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் அதையும் நூறு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

"இன்னும் கீதா?" என்றார்.

இருந்தது. "நானும் தனி ஆள். நான்கு பேருக்குச் சமைத்து மூன்று நாள் சாப்பிடுகிறேன். மூன்றாம் நாள் நன்றாக இருக்காது. வேறு வழி தெரிந்தால் எனக்கும் எழுதவும்." அதற்குக் கீழே மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, மிச்சமானதை என்ன செய்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். தப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் தூக்குவாளியைக் கொண்டுபோய் அவர் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தேன்.

"மிச்சம் ஆச்சின்னா இதுல போட்டு எடுத்தாங்கண்ணா. வூட்ல நாங்க மூணு பேர் கீறோம்."

"காரம் சாப்புடுவீங்களா?"

"சாப்புடுவோம்."

சாயங்காலமே கொண்டுவந்தார். கானாங்கெளுத்தி மீன் குழம்பு. வாளி நிறைய இருந்தது, மிச்சம் மாதிரித் தெரியவில்லை. எதிரில் நின்று நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு அநியாயத்துக்குத் தூக்கல். தப்பென்று தெரிந்தால் அந்த மனிதர் ராத்திரி தூங்க மாட்டார். அதனால் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.