காப்பகத்துக்குப் போன மண்

கேணிநாடு என்றொரு நாடு. அங்கே ஆறு கிடையாது, கிணறுதான் எல்லாம். கிணறு தோண்டுகிறவர்கள் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பிடி மண் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் அடைப்பார்கள். எந்த இடம், எத்தனை ஆழம், தண்ணீர் வந்ததா என்று சீட்டு ஒட்டிச் சந்தை மண்டபத்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். வறண்டுபோன கிணற்றின் மண்ணையும் வைப்பார்கள். அதற்கு யாரும் வெட்கப்பட்டதில்லை. படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் நிற்பவர் படித்துச் சொல்வார். ஒருவர் தோற்ற கிணறு இன்னொருவரைக் காப்பாற்றியது. அந்த மண்டபத்தை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

புதிய மன்னர் அதைப் பார்த்துக் கண்கலங்கினார். "நாட்டின் செல்வம் இப்படி நாதியற்றுக் கிடப்பதா?"

குப்பிகள் அரண்மனைக் காப்பகத்துக்குப் போயின. பூட்டுக்கு ஒரு துறை, துறைக்கு ஓர் அமைச்சர். இனித் தோண்டும் மண்ணும் அரசுடைமை என்று ஆணை வந்தது. வறண்ட கிணறுகள் நாட்டுக்கு இழுக்கு என்று அவற்றின் மண்ணை அமைச்சர் கொட்டச் சொன்னார். மற்றக் குப்பிகளில் அழுக்கேறிய சீட்டுகளைக் கழுவி எடுத்து, நிறவாரியாக அடுக்கவைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்ததாம்.

வெளியே மக்கள் குருட்டாம்போக்கில் தோண்டினார்கள். மேற்குச் சரிவில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்த பூவாயிக்குத் தோண்டிய இரண்டு கிணறும் பாறையாகப் போயின. இன்னொன்றும் பொய்த்தால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். சந்தைக்குப் போகும்போதெல்லாம் காலி அலமாரி முன்னால் சற்று நின்றுவிட்டுப் போவாள்.

முணுமுணுப்பு அரண்மனைக்கு எட்டியது. மன்னர் மனமிரங்கி, மேளதாளத்துடன் காப்பகத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார். பூவாயி முதல் ஆளாக ஓடினாள்.

"ஐயா, மேக்குச் சரிவு மண்ணு எதுங்க?"

"அம்மா, அனைத்தும் நம் நாட்டு மண்," என்றார் அமைச்சர். "அதில் கிழக்கென்ன, மேற்கென்ன? பிரிவினை பேசாதீர்கள். வேண்டியதை எடுத்துச் செல்லுங்கள், இலவசம்."

"எந்த எடத்து மண்ணுன்னு தெரியாம இத வெச்சு நான் என்னங்க பண்றது?"

அமைச்சர் யோசித்தார். "பூச்செடி வைக்கலாம்."

மூன்றாவது கிணற்றிலும் பாறைதான். அண்டை நாடுகள் கூடி, ஒளிவுமறைவற்ற நாடு என்று கேணிநாட்டுக்கு விருது கொடுத்தன. விழா நடந்த அன்றுதான் பூவாயி வண்டி கட்டினாள்.

எல்லைச் சாவடியில் காவலன் மறித்தான். "கால்ல மண்ணு ஒட்டியிருக்கு. அரசாங்கச் சொத்து. தட்டிட்டுப் போங்கம்மா."

பூவாயி வண்டியிலிருந்து இறங்கினாள்.

"தண்ணி இருந்திருந்தா கழுவிட்டே வந்திருப்பேனே, தம்பி."