கண்காணியை எங்கே வைப்பது?

நாற்பத்தாறு வயதில், முன்பின் பழக்கமில்லாத ஒருவர் எதிரில் கோழிப்பண்ணை லுங்கியும் ஈரத்தலையுமாக நின்று, "டெமோ நல்லபடியா முடிஞ்சதுங்க" என்று சொன்னவன் நான். அதற்குப் பிறகு வெட்கம் என்று எனக்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

அப்போதுதான் ஒரு பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கியிருந்தேன். பொன்னாடை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். (கல்லூரி முதல்வர் முகத்தில் இருந்தது துக்கமா, நிம்மதியா என்று இன்றுவரை விளங்கவில்லை.) அகப்பட்ட ஒரே வாடிக்கையாளர், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த செல்லமுத்து அண்ணன்.

அவருடைய ஷெட்டுகளில் கேமராவும் வெப்பமானியும் உண்டு. அந்த வயர்களெல்லாம் ஷெட்டுக்கு ஒன்றாக இருக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியில் போய்ச் சேரும். பண்ணை ஆபீசிலும் அப்படி ஒன்று உண்டு. எந்தப் பெட்டி படுத்தாலும் அண்ணன் போனுக்கு உடனே செய்தி வரவேண்டும். அதற்காக எல்லா ஸ்விட்சுகளையும் ஓயாமல் நலம் விசாரித்துக்கொண்டே இருக்க ஒரு சின்னக் கம்ப்யூட்டரைத் தயார் செய்து, 'கண்காணி' என்று பெயரும் வைத்தேன்.

அதை எங்கே வைப்பது? ஆபீசில் கரண்ட் போனால் போனதுதான். ஜெனரேட்டர் கோழிகளுக்கு, மனிதர்கள் விசிறிக்கொள்ளலாம். ஆகவே கரண்டே போகாத மூன்றாவது ஷெட்டின் முன்னறையில் வைத்தேன். அந்த வேலையில் நான் மூளையை உபயோகித்த ஒரே இடம் அதுதான். கவிழ்ந்ததும் அங்கேதான்.

இன்னொரு சங்கதி. நோய் தொற்றிவிடும் என்பதால் வெளியாள் யாரும் குளிக்காமல் ஷெட்டுக்குள் போக முடியாது. வாசலிலேயே குளித்து, பண்ணை லுங்கியைக் கட்டிக்கொண்டு, பண்ணைச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும். வயர் மாற்ற ஒரு குளியல், மறந்துபோன ஸ்க்ரூடிரைவருக்காக மறு குளியல். என் ஆயுளிலேயே நான் அதிகச் சுத்தமாக இருந்தது அந்த நாட்களில்தான். முதல் ஷெட்டிலும் இரண்டாவதிலும் வயரைப் பிடுங்கிச் சோதித்தேன், போன் கூவியது. மூன்றாவதற்கு இன்னொரு முறை குளிக்க வேண்டும். அடுக்குத் தும்மல் வந்தது. விட்டுவிட்டேன்.

டெமோவுக்கு அண்ணனின் மச்சினர் புதுச்சத்திரத்திலிருந்து வந்திருந்தார். அவருக்கு இதைவிடப் பெரிய பண்ணைகள். அவர் தலையாட்டினால் தொழில் நிலைக்கும். இல்லாவிட்டால் பொன்னாடை போர்த்தியவர்களிடமே திரும்பிப் போய் நிற்கவேண்டும். ஆபீஸ் திரையில் எல்லாம் பச்சையாக எரிய, ஒன்றாவது ஷெட் வயரைப் பிடுங்கச் சொல்லலாம் என்றேன்.

"அது நீங்க பழக்கி வெச்சதா இருக்குமுங்க" என்றார் மச்சினர். "மூணாவதப் புடுங்கச் சொல்லுங்க."

உள்ளே இருந்த சூப்பர்வைசர் பழனிக்குப் போனில் சொன்னேன். காத்திருந்தோம். போன் பேசவில்லை. திரையில் பச்சை மாறவில்லை. அண்ணன் போனைத் திருப்பிப் பார்த்தார், வேட்டியில் துடைத்தார். நான் டவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றேன்.

"டவரு அந்தா நிக்குதுங்களே" என்று மச்சினர் ஜன்னலைக் காட்டினார்.

பழனியே கூப்பிட்டார். "புடுங்கிக் கையில வெச்சிருக்கறனுங்க. மாட்டறதுங்களா, ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறதுங்களா?"

போனை வைத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். வாசலில் தலையில் தண்ணீர் விழுந்ததும் ஞானம் பிறந்தது. கண்காணி வெளியே செய்தி சொல்ல இருந்த ஒரே வழி, பழனி கையில் இருக்கும் அந்த வயர். ஆபீசில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பச்சை, பிடுங்குவதற்கு முன்பு வந்த பழைய பச்சை. உள்ளே போய் வயரை மாட்டினேன். (இதைப் பழனியிடம் போனிலேயே சொல்லியிருக்கலாம் என்பது துவட்டும்போது தோன்றியது.)

உடை மாற்றக்கூடத் தோன்றாமல் ஆபீசுக்கு ஓடிவந்தால், தேங்கிக் கிடந்த செய்திகளெல்லாம் அண்ணன் போனில் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. வயர் பிடுங்கிக் கிடந்த நேரத்தில் கண்காணிக்குத் தன் ஷெட்டைத் தவிர யாரும் பதில் சொல்லவில்லை. அது தன் அறிவுக்கு எட்டியபடி முடிவு கட்டியிருந்தது. மச்சினர் ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார்: ஒன்றாவது ஷெட் செயலிழந்தது. இரண்டாவது ஷெட் செயலிழந்தது. அலுவலகம் செயலிழந்தது. மூன்றாவது ஷெட் நலம். ('நலம்' என்று எழுதி வைத்தது என் தமிழ்ப் பற்று.)

"ஆபீசு போயிருச்சாமுங்க" என்றார். "அப்ப நாம எங்கீங்க உக்காந்திருக்கறோம்?"

முதல் வரியில் சொன்ன வசனத்தை நான் சொன்னது அப்போதுதான். டீ குடித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நான் கல்லூரிக்கே திரும்பினேன். பொன்னாடையைத் திருப்பிக் கேட்கவில்லை, பெருந்தன்மையானவர்கள்.

டெமோ நடந்த அன்றிரவு சாப்பிடும்போது மனைவியிடம், கண்காணி பொய் சொல்லவில்லை, அது இருந்த இடத்திலிருந்து பார்த்தால் உலகம் அப்படித்தான் தெரியும் என்று விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். அவள் அப்படிக் கேட்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

போன மாதம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் சாம்பார் சரியில்லை, பரிமாறத் தெரியவில்லை, மைக்கில் பாடுகிறவனுக்குச் சுருதி இல்லை, மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதை தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று என் கொழுந்தியாள் கவலையோடு விசாரித்தாள்.

"ஒண்ணுமில்லடி" என்றாள் மனைவி, இலையிலிருந்து தலை நிமிராமல். "மூணாவது ஷெட்டு மட்டும் நல்லா இருக்குதாம்."