நான் ரிஜெக்ட் செய்த மீன்

எதைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிப்பது என் தொழில். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகத் தோல் செக்கிங். முள் கீறல், உண்ணிக் கடி, பழைய தழும்பு எது கண்ணில் பட்டாலும் வட்டம் போட்டு ஓரம் தள்ளிவிடுவேன். (இந்தக் கண்ணோடுதான் மாப்பிள்ளையும் பார்த்தாயா என்று என் அக்கா கேட்பாள். அன்றைக்கு வெளிச்சம் கம்மி.)

அந்த மாப்பிள்ளை பிரேம், பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார், கெண்டை மீன் பைத்தியம். பெங்களூருவைத் தாண்டி ஓர் ஏரியில் நடக்கும் சர்வதேசக் கெண்டைப் போட்டியில் ஒரே ஒரு மீனாவது தன் பெயரில் எடை ஏற வேண்டும் என்பது அவருடைய கனவு. ஓர் அணிக்கு இரண்டு பேர். அவருடைய கூட்டாளிக்குக் கடைசி நேரத்தில் அம்மை போட்டுவிட, அந்த இடத்தில் நான்.

நாட்றம்பள்ளி தாண்டும் வரை காரில் எனக்குப் பாடம் நடந்தது. "மீனைக் கொல்லக் கூடாது. எடை போட்டுட்டுத் திரும்ப ஏரியிலயே வுட்டுடணும். மீனுக்குக் காயம் பட்டுச்சுன்னா நம்ம டீமையே தூக்கிடுவாங்க. புரியுதா?"

"அப்போ கொழம்புக்கு இன்னா பண்றது?" என்றேன்.

எங்களுக்குப் பக்கத்து இடம் போலந்து அணிக்கு. இரண்டு தாடிக்காரர்கள். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவர் குறித்த நேரத்தில், குறித்த ஒரே இடத்தில் இரை உருண்டை வீசுவார். தூண்டில் அசைந்து அவர் எழும்போதே மற்றவர் வலையோடு தண்ணீரில் நிற்பார். ஒருவர் வேலையில் இன்னொருவர் மூக்கை நுழைப்பதே இல்லை. மதியத்துக்குள் நான்கு மீன். நானோ, பிரேம் உருட்டி வைத்த உருண்டைகளில் கோணலாக இருந்ததைப் பொறுக்கி ஓரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மாட்டியது. அரை மணி நேரம் இழுத்த பிறகு வலைக்குள் வந்தது, ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு கண்ணாடிக் கெண்டை. பிரேம் வலைப் பிடியை என் கையில் திணித்தார். "வலையைத் தண்ணிக்குள்ளயே புடிச்சுக்கோ ஷீலா. வேற ஒண்ணும் பண்ணாத. நான் போய் நடுவரைக் கூட்டிட்டு வர்றேன்" என்று ஓடினார்.

வேறொன்றும் செய்யாமல் இருக்க எனக்குத் தெரியாது. குனிந்து பார்த்தேன். செதில் அங்கொன்றும் இங்கொன்றும். (அந்த ரகமே அப்படித்தானாம். யார் சொன்னார்கள்?) விலாவில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. போச்சு, நாங்கள்தான் காயப்படுத்தினோம் என்று டீமைத் தூக்கிவிடுவார்கள்! கம்பெனியில் செய்வதையே செய்தேன். வலையைச் சாய்த்தேன். வாலை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு அது போய்விட்டது.

பிரேம் தராசும் நடுவருமாக மூச்சிரைக்க வந்தார். "மீன் எங்க?"

"டேமேஜ் பீஸுங்க. ரிஜெக்ட் பண்ணிட்டேன்."

"அது பழைய தழும்பு ஷீலா."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை அதே தழும்போடு அதே மீனைப் போலந்துக்காரர்கள் பிடித்தார்கள். போட்டியிலேயே பெரிய மீன் அதுதான், கோப்பையும் அவர்களுக்குத்தான். முதலில் ஓடிப்போய்க் கைகொடுத்தவர் பிரேம். அந்த மீனோடு அவர்கள் நிற்கும் படத்தை வாங்கிவந்து எங்கள் ஹாலில் மாட்டியும் வைத்துவிட்டார்.

இப்போதும் வருடா வருடம் நாங்கள் இருவரும்தான் போகிறோம். நடுவரைக் கூப்பிட ஓடுவது மட்டும் என் வேலையாகிவிட்டது. போன வருடம் ஒரு சின்னக் கெண்டை அவர் பெயரில் எடை ஏறியது. (வால் கொஞ்சம் கிழிசல். நான் மூச்சே விடவில்லை.)

ஆனாலும் சந்தையில் ஒரு கத்தரிக்காயை எடுத்துப் பார்த்துத் திருப்பி வைத்தால் போதும், என் மகள் கடைக்காரரிடம் சத்தமாகச் சொல்வாள்: "அண்ணா, அதைத் தனியா எடுத்து வைங்க. போலந்துக்காரரு வந்து வாங்கிக்குவாரு."