தேய்மானம் அண்ணனும் என் முழங்காலும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே முகத்தைப் பார்க்காமல் ஆளை எடை போடத் தெரிந்தவர் ஒருவர்தான். அவருக்குச் செருப்பு போதும்.

சங்கராபுரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீஸில் அவர் உதவியாளர். கம்ப்யூட்டர் அறைக்குள் தூசு போகக்கூடாதென்று எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போவோம். திரும்பி வந்தால் அத்தனையையும் அவர் கவிழ்த்துப் போட்டிருப்பார். அடிப்பக்கம் எங்கே தேய்ந்திருக்கிறதென்று பார்த்துவிட்டு ஆளை மடக்குவார்.

"உள்பக்கமா தேஞ்சிக்கீதே. பாதம் உள்ள சாயுது. முட்டி வலி ஜாஸ்தியா?"

அப்படித்தான் 'தேய்மானம் அண்ணன்' ஆனார்.

ஒருநாள் அதிகாரியையே மடக்கினார். "சார், வலது முட்டிய பாத்துக்குங்க!"

"எனக்கு ஒண்ணும் இல்லய்யா. அது என் செருப்பே இல்ல. எலவனாசூர்கோட்டை கோயில்ல என்னுது காணாம போச்சு, கெடச்சத போட்டுக்கினு வந்துட்டேன்" என்று உளறிவிட்டு அதிகாரி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆபீஸே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயோ பாவம், அந்த முட்டி யாருதுன்னு தெரியலியே!" மாதா கோயிலைத் தவிர வேறெங்கும் போகாத மனிதர், அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கோயில் வாசலில் நொண்டி நடப்பவரைத் தேடிக்கொண்டு நின்றார்.

எனக்குக் கல்வராயன் மலையில் வேலை போட்டார்கள். ஊர் ஊராக நடக்க வேண்டும். என் முழங்காலோ மாடிப்படிக்கே அழும். ராஜினாமா கடிதம் எழுதிவிட்டேன். அண்ணன் என் செருப்பைப் பிடுங்கிப் போய், சைக்கிள் டியூப்பை வெட்டி நாலு மடிப்பாக மடித்து உள்பக்கம் ஒட்டிக் கொண்டுவந்தார்.

"பாதம் நேரா நின்னா முட்டி நேரா நிக்கும், அது நின்னா இடுப்பும் நிக்கும். மொதல்ல அந்தக் கடுதாசிய கிழிம்மா."

பத்து நாள் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். பிறகு வலியும் போனது, திட்டும் போனது. ஆறு வருஷம் மலையில் ஓடியாடினேன்.

இறங்கி வந்தபோது அவர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான களமருதூருக்குப் போயிருந்தார். ஆபீஸ் வாசலில் செருப்புகள் ஒழுங்காக நேரே கிடந்தன. பார்க்கவே பிடிக்கவில்லை. போன் செய்தேன்.

"முட்டி வலிக்குதா?"

"இல்லண்ணே, சும்மாதான்..."

"அப்ப நல்லா கீறே. வெச்சிடு."

வலி இல்லாதவர்களிடம் பேச அவருக்கு விஷயமே கிடையாது. எனக்கோ அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. மறுநாளும் கூப்பிட்டேன்.

"கொஞ்சம் வலிக்குதுங்கண்ணே."

அரைமணி நேரம் பேசினார்! "ஞாயித்துக்கிழமை பூச முடிஞ்சதும் பஸ் புடிச்சி வர்றேன். செருப்ப கழுவி கிழுவி வெச்சிடாத."

இன்று சனிக்கிழமை. காலையிலிருந்து வீட்டுக்குள் நொண்டி நடந்து பழகிக்கொண்டிருக்கிறேன்.