டாக்டரின் காது

இந்திய மென்பொருள் வரலாற்றை எழுதப் போகிறவர்கள், வில்லியனூர் மார்க்கெட் வீதியில், பாத்திரக்கடை மேல்மாடியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்ததைப் பொன்னெழுத்துகளால் பொறிக்கத் தவறினால், அந்த வரலாறு பொட்டலம் மடிக்கத்தான் லாயக்கு. அன்றுதான் 'மருந்துவாக்கு' என்னும் ஆப்பைப் பொதுமக்கள் கையில் கொடுத்து, அவர்கள் அதை எப்படி அமுக்குகிறார்கள் என்று ஒரு நிறுவனம் பணிவோடு பார்த்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மருந்து போடும் விவரத்தை டாக்டர் குரலிலேயே சொல்லும் ஆப் அது. சீட்டில் எழுதிக் கொடுக்கும் அநாகரிகமெல்லாம் இனி கிடையாது.

வளையல் கடை தாஜ் நிஷாவுக்கு இதில் சொந்த அக்கறை இருந்தது. கணவர் ஷேக் மைதீனுக்கு அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன். மூன்று சொட்டு மருந்து, மூன்றுக்கும் வேறு வேறு நேரம், விவரமெல்லாம் ஆப்பில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவருக்கோ எதையும் திரும்பக் கேட்டால்தான் மனசில் நிற்கும். நிக்காஹுக்கே மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் சம்மதம் சொன்னவர். ஆகவே, சொன்னதைத் திரும்பச் சொல்ல வைக்க எங்கே அமுக்குவது என்று தெரிந்துகொள்ளக் கடையைப் பூட்டிவிட்டுப் போனார். வருகிறவர்களுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தருகிறார்கள் என்பதற்காகப் போகவில்லை. இதை நாம் நம்பத்தான் வேண்டும்.

மாடிப்படி முழுக்க வரிசை. முதல் ஆளாக உள்ளே போன பாத்திரக்கடை கோகிலாம்பாள் இருபது நிமிஷம் கழித்து, முகமெல்லாம் வேர்த்து வெளியே வந்தார். கையில் டிபன் பாக்ஸ். நிறுவனம் அவர் கடையிலேயே வாங்கியதுதான்.

"இன்னாக்கா கேக்குறாங்கோ?" என்றார் தாஜ் நிஷா.

"ஒரே கேள்விதான். 'பத்து செகண்ட் பின்னாடி போங்க'ன்றான். எங்கடி போறது, அதுக்குப் பட்டனே இல்ல. ஒரு அம்புக்குறி வளைஞ்சி நிக்குது. அத்த அமுக்குனா டாக்டரு மொதல்லருந்து வணக்கம் சொல்றாரு. எங்கப்பா அமுக்கறதுன்னு கேட்டா, 'உங்களுக்கு என்ன தோணுது?'ன்றான். எனக்கு எறங்கி ஓடலாம்னு தோணிச்சி."

"அப்புறம்?"

"வேர்வ சொட்டிச்சி, தொடச்சேன். படத்துல டாக்டரு இருக்காரு இல்ல, நம்ம கைக்கு இடது பக்கம், அவரு காதுல ரெண்டு தட்டு பட்டுச்சி. பின்னாடி போயிடுச்சி! அவ்ளோதான் தாஜு. காதுல ரெண்டு தட்டு. யார்கிட்டயும் சொல்லாத."

யாரிடமும் சொல்லாதே என்று படியில் நின்ற பதினோரு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார் கோகிலாம்பாள். பரீட்சை என்று வந்துவிட்டால் நம் ஊரில் யாரும் யாரையும் கைவிடுவதில்லை.

உள்ளே நிறுவனத்தின் 'பயனர் அனுபவ அதிகாரி' சுரேஷ்குமார் இருந்தான். பக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக யாமினி. எதிரே ஒரு கேமரா.

"அம்மா, ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க," என்று சுரேஷ்குமார் மனப்பாடமாக ஆரம்பித்தான். "நாங்க டெஸ்ட் பண்றது ஆப்பைத்தான், உங்களை இல்ல. நீங்க தப்பா அமுக்குனா அது ஆப்போட தப்பு."

இப்படி ஒரு வாக்கியத்தைத் தாஜ் நிஷா ஆயுளில் கேட்டதில்லை. பேங்கிலும் சரி, ரேஷன் கடையிலும் சரி, தப்பு எப்போதும் அவருடையதாகவே இருந்தது. நெஞ்சு நெகிழ்ந்துபோய், உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார். ஆனால் கதவிடுக்கில் கோகிலாம்பாள் தன் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். தாஜ் நிஷா தட்டினார்.

"நாலு செகண்ட்!" என்றாள் யாமினி.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"தோணிச்சி தம்பி."

சுரேஷ்குமார் பேனாவை எடுத்தான். 'இயல்பான உள்ளுணர்வு' என்று எழுதிக்கொண்டான். "ஏதாவது குறை இருந்தா சொல்லுங்கம்மா."

"குறையா? நல்லாத்தான்பா இருக்குது. நீ சாப்ட்டியா?"

ஊர் தேடி வந்த பிள்ளையிடம் குறை சொல்வது வில்லியனூர் வழக்கமில்லை.

அறிக்கை தயாரானது. பதினோரு பேர், பதினோரு பேரும் வெற்றி. கோகிலாம்பாளின் இருபது நிமிஷம் 'ஒத்திகை' என்பதால் விதிப்படி கணக்கில் சேரவில்லை. நிறுவனம் மக்கள் தீர்ப்புக்குத் தலைவணங்கியது. வளைந்த அம்புக்குறியை ஒருவர்கூடத் தொடாததால் அதை நீக்கினார்கள். டாக்டர் படம் 'கவனத்தைச் சிதறடிப்பதால்' அதை எடுத்துவிட்டு நிறுவனத்தின் பச்சை இலைச் சின்னத்தை வைத்தார்கள். இவ்வளவு கெட்டிக்கார ஜனங்களுக்கு இரண்டு தட்டு எதற்கு என்று அதையும் ஒரு மெல்லிய வருடலாக மாற்றினார்கள். எங்கே வருடுவது என்று எழுதி வைப்பது மக்களின் உள்ளுணர்வை அவமதிப்பதாகும் என்பதால் எழுதவில்லை.

ஷேக் மைதீனின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை அவர் நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். மேசையில் மூன்று மருந்துப் புட்டி. டாக்டர் குரல் கணீரென்று சொல்லிக்கொண்டே வந்தது: "வெள்ளை மூடி மருந்து, மூணு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. நீல மூடி, படுக்கப் போகும்போது மட்டும். பச்சை மூடி மருந்தை மட்டும் ஒருபோதும்..."

குக்கர் விசிலடித்தது. விசில் அடங்கியபோது டாக்டர் "நன்றி, வணக்கம்" என்று முடித்துக்கொண்டிருந்தார்.

"ஒருபோதும் இன்னா தாஜு?"

"இருங்க, காதத் தட்டுறேன்."

இலைக்குக் காது இல்லை. தண்டில் தட்டினார், நுனியில் தட்டினார், நரம்பு நரம்பாகத் தட்டினார். 'முழுவதும் கேட்டுவிட்டீர்கள், வாழ்த்துகள்!' என்றது ஆப், மூடித் திறந்தாலும் அதையே. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "எல்லாம் ஆப்லயே இருக்கும்மா" என்று வைத்துவிட்டார்கள். கட்டிக்கொண்டவர் கண்ணாயிற்றே, குத்துமதிப்பாகச் சொட்டு விட முடியுமா? பச்சை மூடியைத் திறக்காமலே பையில் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிய கணவரைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே நேரில் போய்க் கேட்கப் பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். பஸ் வருவதற்குள் ஆப்பின் உதவி எண்ணையும் ஒரு முறை அழைத்துப் பார்த்தார்.

எடுத்தவள் யாமினி. "தாஜ் நிஷா... வில்லியனூர்... மேடம், நீங்களா! நாலு செகண்ட்! இங்க புதுசா சேர்றவங்களுக்கு உங்க வீடியோவத்தான் போட்டுக் காட்டுறோம்."

"அது கெடக்கட்டும்மா. இப்ப எங்க அமுக்கறது?"

"உங்களுக்கு என்ன தோணுது மேடம்?"

"ஒண்ணும் தோணலம்மா! அன்னிக்கும் தோணல. கோகிலாக்கா படிக்கட்டுல சொல்லிக் குடுத்தாங்க, டாக்டரு காதுல தட்டுன்னு. இப்ப காதையே காணோம்!"

"அப்ப காப்பியடிச்சீங்களா மேடம்?"

"நீங்கதானம்மா சொன்னீங்கோ, டெஸ்ட்டு ஆப்புக்குத்தான், எனக்கு இல்லன்னு?"

"ஆமாம் மேடம்," என்றாள் யாமினி, மிகுந்த மரியாதையோடு. "ஆப் பாஸாயிடுச்சு. ஃபெயிலானது நீங்கதான்."